நெபுலா படங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹப்பிள் எடுத்த நெபுலா படங்களில் உள்ள நீலமும் பொன்னிறமும் நிஜமா, கணினியில் பூசியதா?

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கேமரா எடுப்பது கறுப்பு வெள்ளைப் படம்தான். ஒரு ஃபில்டர் வைத்து ஒரு படம், அதை மாற்றி அடுத்த படம். நெபுலா எனும் விண்வெளி வாயு மேகங்களுக்கான ஃபில்டர்கள் சில நானோமீட்டர் அகல ஒளியை மட்டுமே உள்ளே விடும். 1995-ல் கழுகு நெபுலாவின் வாயு, தூசுத் தூண்களை எடுத்தபோது, ஆக்ஸிஜனின் 501 நானோமீட்டர் ஒளிக்கு நீலமும், ஹைட்ரஜனின் 656-க்குப் பச்சையும், கந்தகத்தின் 673-க்குச் சிவப்பும் கொடுத்தார்கள். பின்னிரண்டும் நம் கண்ணுக்கு ஒரே சிவப்பு. அப்படியே விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறியவே முடியாது.

பிரித்தால் என்ன கிடைக்கிறது? அந்த 501 நானோமீட்டர் ஒளி, இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜனிலிருந்து வருவது. ஆக்ஸிஜன் அணுவிலிருந்து இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க சுமார் 35 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். 30,000 கெல்வினைத் தாண்டிய ‘ஓ’ வகை நட்சத்திரங்களின் புற ஊதா ஒளியால்தான் அது ஆகும். ஆகவே அவற்றின் கதிர் நேராகப் பாயும் இடமெல்லாம் நீலம். கந்தகத்துக்கு 10.4 போதும், ஹைட்ரஜனுக்கே 13.6 தேவை. அதனால் கடுமையான கதிர்கள் தீர்ந்துபோகும் தூண் விளிம்பிலும் கந்தகம் ஒளிர்கிறது. நட்சத்திரம் வாயுவை எதுவரை அரித்திருக்கிறது என்பதை அந்த நிறங்களிலேயே படித்துவிடலாம். இதைப் ‘பொய் நிறம்’ என்று ஒதுக்குவது பெரிய அநியாயம்.

கேள்வி: குமிழி நெபுலாவில் நட்சத்திரம் நடுவில் இல்லையே, ஏன்?

காசியோப்பியா மண்டலத்தில் உள்ள அந்தக் குமிழியை ஊதியது பி.டி.+60 2522 என்ற ‘ஓ’ வகை நட்சத்திரம். அதன் காற்று விநாடிக்கு சுமார் 1,800 கி.மீ. வேகத்தில் வீசுகிறது. ஒரு பக்கம் வாயு அடர்த்தி அதிகம். அங்கே குமிழியால் மெதுவாகத்தான் நகர முடிகிறது. மறுபக்கம் எளிதாக விரிந்துவிட்டது. 2016 பிப்ரவரியில் ஹப்பிள் அதை எடுத்தபோது ஒரே சட்டத்துக்குள் அடங்கவில்லை. நான்கு படங்களை ஒட்டித்தான் முழுக் குமிழியும் கிடைத்தது.

கேள்வி: ஒரே நீண்ட எக்ஸ்போஷர் போதாதா?

போதாது. விண்வெளியில் காஸ்மிக் கதிர்கள் சென்சாரை ஓயாமல் தாக்கி வெள்ளைப் புள்ளியும் கீறலும் போட்டுவிடும். அதே காட்சியைப் பலமுறை எடுத்து ஒப்பிட்டால், ஒரே படத்தில் மட்டும் இருக்கும் கீறலை நீக்கலாம். ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்துவார்கள். கெட்டுப்போன பிக்சல்கள் அப்போது வேறு வேறு இடத்தில் விழும். ஹப்பிளின் அகலப்புல கேமராவில் இரண்டு சில்லுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைக்க இன்னும் பெரிய நகர்வு தேவை.

கேள்வி: ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தில் கழுகு நெபுலாவின் தூண்கள் ஊடுருவித் தெரிவது எப்படி?

அருகு அகச்சிவப்பு ஒளியைத் தூசு அவ்வளவாகத் தடுப்பதில்லை. நடு அகச்சிவப்பில் தூசு தானே ஒளிர்கிறது. பெரும்பாலான நட்சத்திரங்கள் மறைந்துவிடுகின்றன. நடு அகச்சிவப்பைப் பிடிக்கும் கருவியை மைனஸ் 266 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்காவிட்டால் அதன் சொந்த வெப்பமே படத்தை நிரப்பிவிடும்.

கேள்வி: நாமே செய்து பார்க்கலாமா?

தாராளமாக. விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவுகளைச் சேமிக்கும் ‘மாஸ்ட்’ இணைய ஆவணக் காப்பகத்தில் கோப்புகள் இலவசம். ஹப்பிளின் அகலப்புல கேமராவுக்கு, பெயர் ‘டி.ஆர்.சி.’ என்று முடியும் ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான வடிவம்) கோப்புகளை எடுங்கள்; கீறல் நீக்கும் வேலை அவற்றில் பெரும்பாலும் முடிந்திருக்கும். திறந்ததும் படம் கறுப்பாகவே இருக்கும். ஒளி வேறுபாடு அவ்வளவு பெரியது. லாகரிதம் அளவுக்கு மாற்றினால் வாயு மெல்ல மேலே வரும். மூன்று படங்களையும் நட்சத்திரங்களை வைத்துப் பொருத்திய பிறகே நிறம் கொடுங்கள். ஹைட்ரஜன் மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு பிரகாசம் என்பதால், சமமாகக் கலந்தால் எல்லாம் பச்சையாகிவிடும். கந்தகப் படத்தையும் ஆக்ஸிஜன் படத்தையும் பிரகாசப்படுத்த வேண்டும். அப்படிச் செய்தால் நட்சத்திரங்கள் கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். அவற்றை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து நிறச்செறிவைக் குறையுங்கள்.