கம்பெனி ஆக்சஸரியா, கடை ஆக்சஸரியா? வேலூர்ப் பக்கத்துக் கார்க்காரர்களுக்குப் பதில்கள்

வேலூரில் கார் வயரிங், ஆக்சஸரி வேலை பார்க்கிறேன். புதுக் கார் எடுத்தவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காட்பாடியிலிருந்து: அண்ணா, ஷோரூம் ஆக்சஸரியைக் கார் கம்பெனியேதான் செய்கிறதா? வெளியில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

பெரும்பாலும் இல்லை தம்பி. வெளிக் கம்பெனி ஒன்று செய்து கொடுக்கும், கார் கம்பெனி தன் வரைபடத்தைக் கொடுத்து, வண்டியில் மாட்டிச் சோதித்து, தன் பெயரில் விற்கும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அந்த வரைபடத்துக்கும் சோதனைக்கும் போகிறது. பேனலுக்குப் பின்னால் எந்த வயர் ஓடுகிறது, சென்சார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அமெரிக்காவில் 1963-இல் தொடங்கிய சேமா என்ற கார் ஆக்சஸரித் தொழில் சங்கம், கார் கம்பெனிகளிடம் இந்த அளவுக் கோப்புகளை வாங்கித் தன் உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறது. வண்டியை அக்கக்காகக் கழற்றி அளந்து பார்க்கும் வேலை மிச்சம்.

ஆம்பூரிலிருந்து: எங்கள் ஊர்த் தோலிலேயே சீட் கவர் தைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக, ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு. முன் சீட்டில் கதவுப் பக்கத்து ஓரத்தைத் தடவிப் பாருங்கள், ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துணிச் சீட்டு தையலில் செருகியிருந்தால் சைடு ஏர்பேக் அதற்குள்தான் இருக்கிறது. மோதும்போது அது அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டு கண் இமைப்பதற்குள் வெளியே வர வேண்டும். கம்பெனி ஒப்புதல் பெற்ற கவரில் அந்த இடத்தைத் திறந்து விட்டிருப்பார்கள், இல்லையென்றால் சுலபமாக அறுந்துபோகும் நூலில் தைத்திருப்பார்கள். கவர் நீண்ட நாள் உழைக்கட்டும் என்று நினைத்து நம் ஆட்கள் கெட்டி நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டுவிடுகிறார்கள், அங்கேதான் ஆபத்து. தோலிலும் தையலிலும் ராணிப்பேட்டை, ஆம்பூர்க் கைகளுக்கு எந்தக் குறையும் கிடையாது, அந்த ஒரு தையலின் அளவும் நூலும் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பனப்பாக்கத்தில் டாடா கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். கார் கம்பெனி இவ்வளவு பக்கத்தில் வந்த பிறகாவது இந்த விவரம் நம் தையல்காரர்கள் கைக்கு வர வேண்டும் என்று மனசாரக் கேட்கிறேன்.

ஆற்காட்டிலிருந்து: சார், ஆர்டிஓ பிரச்சினை வருமா?

சீட் கவர், மேட்டுக்கெல்லாம் வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி சொன்ன அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. கலர் மாற்றினால் ஆர்சியில் ஏற்றிவிடுங்கள். பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பு (கிராஷ் கார்டு) வேண்டவே வேண்டாம், மத்திய அரசு 2017-லேயே அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

விஐடி மாணவர்: மெர்சிடீஸ் பென்ஸின் வேகக் கார்களில் வரும் ஏஎம்ஜி, முன்பு வெளிக் கம்பெனியாக இருந்ததா?

ஆமாம் தம்பி. 1967-இல் இரண்டு எஞ்சினியர்கள் ஆரம்பித்தது. 1990-இல் மெர்சிடீஸ் கார் செய்யும் டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டார்கள், சேர்ந்து உருவாக்கிய முதல் கார் சி36, 1993-இல் வந்தது. 2005-இல் முழுக் கம்பெனியும் அவர்கள் கைக்குப் போய்விட்டது.

குடியாத்தத்திலிருந்து: ஹெட்லைட் வெளிச்சம் பத்தவில்லை, 100 வாட் பல்பு போடலாமா?

வேண்டாம். எச்4 பல்பு 60/55 வாட்தான், அந்தக் கணக்கில்தான் வயரும் ஹோல்டரும் இருக்கின்றன. கூடுதல் வாட் போட்டால் ஹோல்டர் உருகும், எதிரில் வருகிறவருக்கும் கண் கூசும். முதலில் கண்ணாடி மங்கியிருக்கிறதா, லைட் சரியான உயரத்தில் அடிக்கிறதா என்று பாருங்கள், பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

சத்துவாச்சாரி அக்கா: ரிவர்ஸ் கேமரா வெளியில் மாட்டினால் வாரண்டி போகுமா?

எப்படி மாட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அக்கா. உங்கள் மாடலுக்கென்றே வரும் கப்ளர் வயரிங் இருக்கிறது, செருகினால் போதும், கழற்றினாலும் தடம் இருக்காது. வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினால் பிறகு எந்த எலக்ட்ரிக்கல் கோளாறு வந்தாலும் சர்வீஸில் அந்த டேப்பைத்தான் காட்டுவார்கள். கடைக்காரர் கட்டரைக் கையில் எடுத்தால் வேலையை நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.