ஒற்றை டேங்குக்கு எந்த விங்? கேள்விகளும் பதில்களும்

மலையில் குடியிருந்துகொண்டு கடலுக்கு ஓடுகிறவர்கள் கொடையிலும் நீலகிரியிலும் சேர்த்துக் கொஞ்சம் பேர்தான். ஆனால் டைவ் பண்ணும்போது மிதப்பைக் கூட்டிக் குறைக்க முதுகில் மாட்டும் காற்றுப்பையான விங்கை வாங்கலாமா என்று ஒருத்தர் ஆரம்பித்ததும் கேள்வி குவிந்துவிட்டது. எனக்கு டைவிங் சொல்லிக்கொடுப்பதுதான் தொழில், சாமான் விற்பது இல்லை. அதனால் கடைப் பெயரும் விலையும் கேட்காதீர்கள்.

பெருமாள்மலையிலிருந்து: அக்கா, இதுவரைக்கும் வாடகை ஜாக்கெட்தான். விங்குக்கு மாறியே ஆகணுமா?

ஆகணும் என்று இல்லை. ஜாக்கெட்டில் காற்றுப்பை விலாவைச் சுற்றி வரும். விங்கில் அது முதுகுக்குப் பின்னால், முதுகில் மாட்டும் உலோக பிளேட்டுக்கும் காற்று டேங்குக்கும் நடுவில் இருக்கும். நெஞ்சுப் பக்கம் காலியாக இருப்பதால் கிடைமட்டமாக நீந்த நன்றாக இருக்கும். மேலே வந்து மிதக்கும்போது மட்டும் முகத்தைக் குப்புறத் தள்ளுகிற மாதிரி இருக்கும். கொஞ்சம் காற்றை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தால் சரியாகிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை அந்தமான் போகிறவர் வாடகை ஜாக்கெட்டிலேயே இருக்கலாம்.

குன்னூரிலிருந்து: எத்தனை பவுண்டு தூக்கும் விங் வாங்கணும் மேடம்? 3 மி.மீ. உடை, நம்ம ஊர் அலுமினிய டேங்க்.

இதைத்தான் எல்லோரும் கேட்கப் போகிறீர்கள், அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். விங்குக்கு இரண்டே வேலை. இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, எது பெரிசோ அதற்கு வாங்க வேண்டும்.

முதல் வேலை, ஆழத்தில் உங்களைத் தாங்குவது. டைவ் ஆரம்பத்தில் டேங்க் நிறையக் காற்று. 11.1 லிட்டர் டேங்கில் 207 பார் அழுத்தத்தில் அடைத்தால் அந்தக் காற்று மட்டும் 2.7 கிலோ கிட்ட வரும். கடைசியில் அது போய்விடும் என்பதால், காலி டேங்கோடும் மேலே தூக்கிக்கொண்டு போகாத அளவுக்கு ஈய வெயிட் கட்டியிருப்பீர்கள். அதாவது இறங்கும்போது அவ்வளவு கனம் கூடுதலாக இருக்கும். அதோடு, ஆழம் போகப் போக ரப்பர் உடை நசுங்கி மிதப்பை இழக்கும். 10 மீட்டரில் அதற்குள் இருக்கும் குமிழிகள் பாதியாகிவிடும். உடை எவ்வளவு மிதக்கிறது என்று ஊகிக்க வேண்டாம். சுருட்டி வலைப்பையில் போட்டுத் தொட்டித் தண்ணீரில் அமுக்குங்கள், குமிழி எல்லாம் வெளியே வரட்டும், பிறகு ஒவ்வொரு வெயிட்டாகப் பையில் போட்டுக்கொண்டே வாருங்கள். பை எப்போது முழுகுகிறதோ அந்த எடைதான் உடையின் மிதப்பு. 3 மி.மீ. உடைக்கு 2 கிலோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். அது முழுக்கப் போனாலும் 2.7-ம் 2-ம் சேர்ந்து 5 கிலோவுக்குள்தான்.

இரண்டாவது வேலை, நீங்கள் கழற்றிவிட்ட பிறகு சாமானைத் தண்ணீர் மேல் நிறுத்துவது. படகில் ஏறுமுன் கழற்றிக் கொடுக்கிறோமே, அப்போது. எஃகு பிளேட்டும் பட்டையும் தண்ணீரில் இரண்டரை கிலோ, நிறைந்த டேங்க் அரை கிலோவுக்குச் சற்று மேல், மூச்சு விட உதவும் ரெகுலேட்டர் ஒரு கிலோ, பட்டையில் மாட்டிய வெயிட் 2 கிலோ. கூட்டினால் 6 கிலோ சொச்சம்.

ஆக உங்களுக்கு 9 கிலோ விங்கே போதும். கடையில் 30 பவுண்டு என்று விற்பது 13.6 கிலோ. தலை தண்ணீருக்கு மேல் நன்றாக நிற்கவும், பின்னாடி தடித்த உடைக்கு மாறினாலும் சமாளிக்கவும் அதை வாங்குங்கள்.

கோத்தகிரியிலிருந்து: எதுக்கும் பெரிசா வாங்கிட்டா பாதுகாப்புதானே? இரட்டை டேங்க் விங், 60 பவுண்டு, பழசு, மலிவா வருது.

வேண்டாம். அது இரட்டை டேங்கின் அகலத்துக்கு வெட்டியது. ஒற்றை டேங்கில் மாட்டினால் இரண்டு பக்கமும் எழும்பி டேங்கையே போர்த்திக்கொள்ளும். மடிப்புக்குள் காற்று மாட்டிக்கொண்டால், காற்றை வெளியே விடும் டம்ப் வால்வை இழுத்தாலும் வராது. கடைசி 5 மீட்டரில், டேங்க் காலியாகி நீங்கள் லேசாகும் நேரத்தில், அந்தக் காற்று விரிந்து மேலே இழுத்துக்கொண்டு போகும். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

நிறையப் பேர் பெரிய விங் தேடுவதற்குக் காரணமே வெயிட் அதிகம் கட்டுவதுதான். முதலில் அதைச் சரிபண்ணுங்கள். டேங்கில் 50 பார் இருக்கும்போது, விங்கைச் சுத்தமாகக் காலி பண்ணிவிட்டு, 3 அல்லது 5 மீட்டரில் துடுப்பு அடிக்காமல் நிற்க முடிகிறதா? முடிந்தால் வெயிட் சரி. மூழ்கினால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

விங் வட்டமா, குதிரைலாடமா?

வட்டம். கீழேயும் இணைந்திருப்பதால் காற்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தானாகப் போகும். ஏற்கெனவே குதிரைலாட விங் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம்.

கூடலூரிலிருந்து: எஃகு பிளேட்டா, அலுமினியமா?

எஃகு 2.7 கிலோ சொச்சம், அலுமினியம் ஒரு கிலோவுக்குள். காரில் பாண்டிச்சேரியோ ராமேஸ்வரமோ போகிறவர் எஃகு வாங்கினால் இடுப்பில் கட்டும் வெயிட் அவ்வளவு குறையும். அந்தமானுக்குப் பறப்பவருக்கு 15 கிலோ லக்கேஜில் அது பெரிய பங்கு. அங்கே வெயிட் படகிலேயே கிடைக்கும், அலுமினியம் கொண்டுபோங்கள். எதுவானாலும் டேங்க் பட்டையை நனைத்த பிறகு இறுக்குங்கள். காய்ந்த நைலான் தண்ணீரில் தளர்ந்து, டேங்க் வழுகும்.

எனக்கு 85 கிலோ உடம்பு அக்கா. எத்தனை பவுண்டு?

உடம்பு எடைக்கும் விங்குக்கும் சம்பந்தமில்லை. தாங்க வேண்டியது உடையின் மிதப்பையும் காற்றின் கனத்தையும். குன்னூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

என் மனைவி 50 கிலோதான், அவங்களுக்கு…

குன்னூர்.

கொடை ஏரியில இறங்கி விங்கைச் சோதிச்சுப் பார்க்கலாமா?

கூடாது. அனுமதி ஒரு பக்கம், 2,100 மீட்டர் உயரத்தில் டைவ் பண்ணுவது தனிப் பயிற்சி. கீழே ஏதாவது நீச்சல் குளத்தில் பாருங்கள். நல்ல தண்ணீரில் சரியாக இருக்கும் வெயிட்டோடு கடலுக்கு இன்னும் 2, 3 கிலோ சேர்க்க வேண்டியிருக்கும்.

வில்பட்டியிலிருந்து: இங்க மழைக்காலத்துல எதுவும் காயாது. விங் பூஞ்சை பிடிக்காதா? போன தடவை வீட்டுக்கு வந்து பார்த்தா தானாவே உப்பி இருந்துச்சு!

ஊதுகுழாய் வழியாக நல்ல தண்ணீரை உள்ளே விட்டு, குலுக்கி, கீழ் வால்வு வழியாக வடியுங்கள். இரண்டு மூன்று தடவை. உள்ளே உப்பு படிகமாக நின்றால் பையை அரிக்கும், வால்வு ஸ்பிரிங்கும் மாட்டிக்கொள்ளும். இதைக் கீழேயே, வெயில் இருக்கும் ஊரில் முடித்துக் காயவைத்துவிட்டு ஏறுங்கள். மூட்டை கட்டும்போது மட்டும் காற்றைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள்.

உப்பியதற்குக் காரணம் மலைதான். வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வருவதற்குள் பந்தாகிறதே, அதேதான். கொடையில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் நாலில் மூணு பங்கு சொச்சம்தான். பையில் இருந்த காற்று கால் பங்குக்கு மேல் விரியும். விங்குக்கு ஒன்றும் ஆகாது, அழுத்தம் மிஞ்சினால் விட்டுவிட அதில் வால்வு இருக்கிறது. நமக்கு இல்லை. டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் குறைந்தால் குமிழியாகிவிடும். டைவ் முடித்த அன்றே மலை ஏறாதீர்கள் என்று எப்போதும் சொல்வது இதனால்தான்.

ஊட்டியிலிருந்து: இது ரொம்ப ஓவர்ம்மா. நான் பாண்டியில காலையில ரெண்டு டைவ் போட்டுட்டு ராத்திரி ஊட்டியில படுப்பேன். பல வருஷமா. ஒண்ணும் ஆனதில்ல.

அண்ணே, ஊட்டி 2,240 மீட்டர். விமானத்துக்குள் அழுத்தம் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அளவு வரை இறங்கும். டைவ் முடித்து விமானம் ஏற, டைவர்களின் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பு சொல்லும் கணக்கு இது: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம். மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேற நின்று நின்று வரும் டீகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்பட்ட டைவுக்கு இன்னும் அதிகம். 600 மீட்டர் தாண்டினாலே இந்தக் கணக்கு பொருந்தும், அது குன்னூருக்கு வெகு கீழேயே வந்துவிடும்.

மறுபடி ஊட்டி: விமானம் சட்டுனு ஏறும். பஸ் மெதுவா, வளைஞ்சு வளைஞ்சுதானே ஏறுது?

மெதுவாக ஏறி எங்கே போய்ச் சேருகிறீர்கள்? விமானத்தில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு இறங்கிவிடுவீர்கள், ஊட்டியில் ராத்திரி முழுக்க அந்த அழுத்தத்தில் தூங்குகிறீர்கள். உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜனுக்கு பஸ்ஸும் விமானமும் ஒன்றுதான்.

கோத்தகிரி: நானும் அண்ணன் கட்சிதான். எனக்கு மூட்டு வலி மட்டும் ரெண்டு நாள் இருக்கும், அது வயசு.

இதைத்தான் பயந்தேன். டைவ் முடித்து மலை ஏறியதும் மூட்டு வலி, கை கால் மரமரப்பு, காரணமில்லாத அசதி வந்தால் வயசு என்று விடாதீர்கள். ஆக்சிஜன் கொடுக்க ஏற்பாடு செய்து, டைவ் விவரத்தைச் சொல்லி டாக்டரைப் பாருங்கள். அடுத்த டைவுக்கு முன்பும் கட்டாயம் பார்க்க வேண்டும். நான் சொல்வது கோத்தகிரிக்கு, அண்ணனுக்கு இல்லை. அண்ணன் கேட்க மாட்டார்.

ஊட்டி: கேட்கிறேன்ம்மா, கேட்கிறேன். அப்போ மலையில இருந்து இறங்கின அன்னைக்கே டைவ் பண்ணலாமா?

தாராளமாக. அந்தத் திசையில் பிரச்சினை இல்லை. திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் ராத்தங்குங்கள், அது 300 மீட்டர் சொச்சம்தான்.

கொடைக்கானலிலிருந்து: நான் டீச்சர் அக்கா. சனி, ஞாயிறு மட்டும்தான் லீவு. ராமேஸ்வரத்துல ரெண்டு நாளும் டைவ் பண்ணிட்டு திங்கள் காலைல ஸ்கூலுக்கு வர முடியாதா?

முடியாது. சனிக்கிழமை மட்டும் டைவ் பண்ணுங்கள். மதியம் 12-க்குக் கடைசியாக மேலே வந்தால் ஞாயிறு காலை 6-க்கு 18 மணி நேரம் முடிந்துவிடும். நிதானமாக இட்லி சாப்பிட்டு, தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு, விங்கையும் வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ராத்திரிக்குள் கொடை வந்துவிடலாம்.