வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? அந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லாம் ஜார்ஜ் வாஷிங்டன் பரம்பரையா?

ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகளே கிடையாது, அப்புறம் எங்கே நேர்ப் பரம்பரை? உடன்பிறந்தவர்கள் வழியில் சொந்தக்காரர்கள் உண்டு, அவ்வளவுதான்.

அடிப்படையில் அது ஓர் ஊர்ப்பெயர். இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹமுக்கு வடக்கே வாஷிங்டன் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. கடைசியில் வரும் 'டன்' கிட்டத்தட்ட நம் 'பட்டி' மாதிரி: வேலி போட்ட அடைப்பைக் குறித்த சொல், போகப்போக ஊருக்கே ஆகிவிட்டது.

12ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் வில்லியம் என்று ஒரு நிலக்கிழார் இருந்தார். ஹார்ட்பர்னில் நிலம் வைத்திருந்ததால் ஹார்ட்பர்ன் வில்லியம். அந்த நிலத்தை டர்ஹம் பிஷப்பிடம் விட்டுக்கொடுத்துவிட்டு பதிலுக்கு வாஷிங்டனை வாங்கிக்கொண்டார்; 1183இல் பிஷப்புக்காக எழுதிய நிலக்கணக்கிலேயே இந்த மாற்று பதிவாகியிருக்கிறது. இடம் மாறியதும் பெயரும் மாறிவிட்டது. அவர் மட்டும் பழைய நிலத்திலேயே உட்கார்ந்திருந்தால் இன்று அமெரிக்கத் தலைநகரை ஹார்ட்பர்ன் என்று சொல்லிக்கொண்டிருப்போம்!

பிறகு ஒரு கிளை தெற்கே போய், 1539இல் நார்தாம்டன்ஷயரில் சல்கிரேவ் என்ற இடத்தை வாங்கியது. அந்த வழியில் வந்த ஜான் வாஷிங்டன் 1650களில் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறினார். ஜார்ஜின் தாத்தாவுக்கு அப்பா அவர்.

ஆனால் பெயர் பரவியதில் பெரும்பங்கு அந்தக் குடும்பத்துக்கு இல்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருள்ளவர்கள் சுமார் 1,63,000 பேர், அதில் பத்துக்கு ஒன்பது பேர் கறுப்பினத்தவர். நடிகர் டென்சல் வாஷிங்டன் ஞாபகம் வருகிறாரா? இவர்கள் எல்லாருடைய முன்னோரும் ஜார்ஜின் பண்ணையில் அடிமையாக இருந்தவர்கள் என்று சிலர் எழுதுவது தப்பு. அடிமை முறை ஒழிந்தபோது, பதிவேட்டில் எழுத ஒரு குடும்பப் பெயர் வேண்டியிருந்தது. நாடே அறிந்த அந்தப் பெயரைப் பலர் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பின்னாளில் டஸ்கீகி கல்வி நிலையத்தைக் கட்டி வளர்த்த புக்கர் வாஷிங்டனின் கதையைப் பாருங்கள். அடிமையாகப் பிறந்த பையன், விடுதலைக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகிறான். ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது மற்ற பிள்ளைகளுக்கு எல்லாம் இரண்டு பெயர், இவனுக்கு வெறும் புக்கர். தன் முறை வந்ததும், ஏதோ பிறந்ததிலிருந்தே அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்பதுபோல 'புக்கர் வாஷிங்டன்' என்று சொல்லிவிட்டான். வாஷிங்டன் என்பது அவனுடைய மாற்றாந்தந்தையின் முதல் பெயர். அவருடைய குடும்பப் பெயர் ஃபெர்குசன்.