பிபி, ஹார்ட் பிரச்சனைக்கும் நோய் எதிர்ப்பு சக்திக்கும் சம்பந்தம் இருக்கா? எதிர்ப்பு சக்திய கூட்டினா சரியாகுமா?

சம்பந்தம் இருக்குங்க. ஆனா நீங்க நினைக்கிறதுக்கு நேர் எதிரா இருக்கு. உங்களுக்கு சின்ன வயசுலயே பிபி வந்திருக்கும், யாராச்சும் சொந்தக்காரங்க "உடம்புல எதிர்ப்பு சக்தி இல்ல, அதான்"னு ஒரு பொடியோ லேகியமோ கையில குடுத்திருப்பாங்க, அதான இந்தக் கேள்வி? எனக்கும் குடுத்தாங்க. சின்ன மாமனார் வாங்கிட்டு வந்த பொடி டப்பா ஆறு மாசம் ஓடுச்சு, அந்த ஆறு மாசமும் பிபி மாத்திரைய நான் தொடவே இல்ல.

நான் டாக்டர் இல்லீங்க, மூலனூர் பக்கம் விவசாயி. "மருத்துவம் பேச நீ யாரு"ன்னு கீழ வர்றவங்களுக்கு இப்பவே சொல்லிட்டேன். படுத்துக் கிடந்தப்ப டாக்டர்கிட்ட கேட்டதும், அப்புறம் எம்பொண்ணு படிச்சு சொன்னதுந்தான் இது.

மூணு வருஷம் முன்னாடி, களத்துல கண்வலிக்கிழங்கு விதை காயப்போட்டுட்டு இருந்தேன். நெஞ்சுல யாரோ முட்டி போட்டு அழுத்தற மாதிரி, தாடை வரைக்கும் வலி. கேஸுன்னு நினைச்சு ரெண்டு சோடா குடிச்சேன் (சிரிக்காதீங்க, எல்லாரும் இதத்தான் பண்றோம்). மச்சான் கார்ல தூக்கிப்போட்டு தாராபுரம், அங்க ஈசிஜி எடுத்துட்டு கோயமுத்தூருக்கு அனுப்பிட்டாங்க. ஒரு ஸ்டென்ட். வயசு அப்ப 47.

கொழுப்பு டெஸ்ட்ல பெருசா ஒன்னும் இல்ல, அப்புறம் எப்படீங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டேன். பைப்புல அழுக்கு அடைக்கிற மாதிரின்னுதான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். அப்படி இல்லையாம். கொழுப்பு ரத்தக்குழாய் சுவருக்குள்ளயே போய் உக்காருது, அத ஏதோ வெளியாளுன்னு நினைச்சு எதிர்ப்பு சக்தியோட படையான ரத்த வெள்ளணு உள்ள பூந்து முழுங்குது, முழுங்கி முழுங்கி ஊதிப்போய் அங்கயே சாகுது, அது போட்ட சத்தத்துக்கு இன்னும் நாலு வருது, கடைசில மேல மூடியிருக்கற தோலு அரிச்சு மெலிஞ்சு ஒரு நாள் கிழியுது, அதுமேல ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்குது. அதாவது எதிர்ப்பு சக்தி கம்மியாகி வரல, அது வேலைய நிறுத்தத் தெரியாம வந்தது.

பிபிலயும் இந்த எதிர்ப்பு சக்தியோட கை இருக்கு. 2007ல அமெரிக்காவுல டேவிட் ஹாரிசன் குழு எலிய வச்சு பாத்திருக்காங்க. டி செல், பி செல்லுன்னு வெள்ளணுல ரெண்டு வகை, அது ரெண்டுமே இல்லாத எலிக்கு பிரஷர ஏத்தற ஆஞ்சியோடென்சின்ங்கற ஹார்மோன ஏத்தினா சாதா எலி அளவுக்கு பிரஷர் ஏறல. டி செல்ல மட்டும் திருப்பிக் குடுத்ததும் ஏறிருச்சு. அந்த செல்லுங்க ரத்தக்குழாயச் சுத்தியும் கிட்னிலயும் போய் கூட்டம் போட்டா குழாய் இறுகுது, கிட்னி உப்ப வெளிய விட மாட்டேங்குது. அதுக்காக பிபிக்கு இதையெல்லாம் அடக்கற மாத்திரை வந்துருச்சுன்னு நினைக்காதீங்க, இன்னிக்கும் அதே பழைய பிபி மாத்திரை தான், அத ஒழுங்கா போடணும்.

இப்ப என் கதைல ஒரு வேடிக்கை. டிஸ்சார்ஜ் அன்னைக்கு குடுத்த மாத்திரைல ஒன்ன எம்பொண்ணு படிச்சுட்டு "அப்பா, கோல்சிசின், இது நம்ம விதைல எடுக்கறதுப்பா"ங்கறா. எனக்கு சிரிப்பு. எங்கம்மாவுக்கு அழுகை, "அந்த விஷத்தையா சாமி திங்கற"ன்னு. அவங்க சொன்னது தப்பும் இல்ல, கிழங்கத் தின்னு மாடு செத்தத நாங்க பாத்திருக்கோம், விதைய தொட்ட கைய கழுவாம சோத்துல கை வைக்க விட மாட்டாங்க. ஆனா டாக்டர் குடுத்தது தினம் அரை மில்லிகிராம். வெள்ளணு ரத்தக்குழாய் சுவருக்கு ஓடிப்போய் கூட்டம் போடறத அது கொஞ்சம் தடுக்குதாம்.

இந்த மாத்திரைய 2019ல அட்டாக் வந்த 4,745 பேர வச்சு பாத்ததுல இதயக் கோளாறு, பக்கவாதம் எல்லாம் சேத்து வர்றது குறைஞ்சுதுன்னு சொன்னாங்க, 2024ல 7,000 பேருக்கு மேல வச்சு பாத்ததுல பெருசா பலன் இல்லைன்னுட்டாங்க. ரெண்டையும் நானே சொல்லிட்டேன், கமெண்ட்ல தூக்கிட்டு வராதீங்க. இதுக்கு முன்னாடி 2017லயே கனகினுமாப்னு ஒரு ஊசி, கொழுப்ப துளியும் குறைக்காம, வெள்ளணு கூட்டம் போடறதால வர்ற அழற்சிய மட்டும் அடக்கி அட்டாக், பக்கவாதம், இதயத்தால வர்ற சாவு எல்லாம் சேத்து 15 சதவீதம் குறைச்சுது, ஆனா கிருமி தொத்தி செத்தவங்க கொஞ்சம் கூடிட்டாங்க. ரொம்ப அடக்கினாலும் வம்புதான். அதனால நீங்களா கடைல வாங்கி போட்றாதீங்க, கிட்னி கோளாறு இருந்தாலோ சில ஆன்டிபயாடிக் கூட சேந்தாலோ அரை மில்லிகிராமே ஆள சாச்சுரும். விதைய தின்னு பாக்கலாம்னு எவனாச்சும் யோசிச்சா அவங்கூட பேசறதுக்கே ஒன்னும் இல்ல.

பொடி டப்பா இன்னும் பரண் மேல இருக்கு, மாமனார் மனசு நோகும்னு தூக்கி எறியல.

கேள்விக்கு சம்பந்தமில்லாதது ஒன்னு. இந்தக் கண்வலிக்கிழங்குப் பூவ, அதான் செங்காந்தள், மாநிலப் பூன்னு பெருமை பேசறோம். ஐப்பசில காலை நேரத்துல பொம்பளையாளுங்க ஒவ்வொரு பூவா கையால மகரந்தம் தொட்டு வச்சாதான் காய் புடிக்கும், கம்பிப் பந்தல் செலவு, கிழங்கு அழுகல், அத்தனைக்கும் விதை விலை ஒரு வருஷம் எகிறும், அடுத்த வருஷம் பாதிக்குப் பாதி, வாங்கறவர் போன்ல சொல்றதுதான் ரேட்டு. மூட்டைல கட்டி போன வருஷத்து விதை இன்னும் திண்ணைலயே கிடக்கு, தெனமும் அதுக்குப் பக்கத்துல உக்காந்துதான் மெடிக்கல்ல காசு குடுத்து வாங்குன மாத்திரைய முழுங்கறேன்.

த்ரீ பேஸ் கரண்ட் வந்துருச்சு, மோட்டார் போடணும்.