வள்ளி திருமணத்துக்குக் காப்பிரைட் உண்டா? – வாசகர் கேள்விகள்

கே: எங்கள் ஊர்த் திருவிழாவில் நடந்த 'வள்ளி திருமணம்' நாடகத்தை யூடியூபில் போட்டோம். உடனே காப்பிரைட் புகார் வந்துவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியதற்கு இன்று யார் உரிமை கொண்டாடுவது? (உசிலம்பட்டி வாசகர்)

ப: யாராலும் முடியாது. எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை தீர்ந்தது என்கிறது நம் சட்டம். சுவாமிகள் மறைந்தது 1922-ல். அவர் பாட்டும் வசனமும் எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டன.

புகாரில் எந்த நிமிடம் என்று குறித்திருப்பார்கள், போட்டுப் பாருங்கள். பபூன் (கோமாளி) காமிக் வரும் இடமாக இருக்கும் என்பது என் ஊகம். ஸ்பெஷல் நாடகத்தில் (அந்த ஓர் இரவுக்கென்று நடிகர்களைச் சேர்த்து நடத்தும் இந்த வகை நாடகத்தில்) பபூனும் டான்ஸும் சேர்ந்தால் சினிமாப் பாட்டு இல்லாமல் போகுமா? இல்லாவிட்டால், நாடகம் தொடங்குமுன் மைக்செட்காரர் ஓடவிட்ட பாட்டு பதிவாகியிருக்கும். அந்தத் துண்டின் ஒலியை மட்டும் எடுத்துவிட்டால் போதும். முழு நாடகத்தையுமே தங்களுடையது என்று யாராவது சொன்னால், சுவாமிகள் மறைந்த ஆண்டைக் குறிப்பிட்டு மறுப்பு அனுப்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் நடித்தவர்களுக்கு அந்த நிகழ்ச்சியின் மீது 50 ஆண்டு உரிமை உண்டு. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், ஆர்மோனியக்காரர் எல்லாரிடமும் கேட்டீர்களா? அவர்கள் சம்பளம் பேசியது விடிய விடிய ஆடுவதற்கு, யூடியூபுக்கு அல்ல.

கே: தாத்தா 1960-ல் காலமானார். டிரங்குப் பெட்டியில் அவர் எழுதிய நாடகமும் ஒரு கவிதை நோட்டும் கிடைத்தன. நாடகத்தை அவரே ஊர்ச் சாவடி முன்னால் மேடையேற்றியிருக்கிறார். கவிதைகள் அச்சேறவே இல்லை. இவற்றை இனி யார் வேண்டுமானாலும் போடலாமா? (மேலூர் வாசகி)

ப: ஒரே பெட்டிதான், ஆனால் கணக்கு வேறு. ஊரார் முன் நடித்துவிட்டால் நாடகம் வெளியானதாகவே சட்டம் கொள்ளும். அதற்கான 60 ஆண்டு 2020 டிசம்பரோடு முடிந்தது. கவிதைகள் அப்படியல்ல. அவர் இருக்கும்வரை வெளிவராததால், நீங்கள் என்றைக்கு வெளியிடுகிறீர்களோ அதற்கு அடுத்த ஜனவரியிலிருந்துதான் 60 ஆண்டு ஓடத் தொடங்கும். அந்த உரிமை எல்லா வாரிசுகளுக்கும் உரியது. சித்தப்பா, அத்தை வீட்டாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். புத்தகம் விற்கத் தொடங்கியபின் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். நோட்டை யாருக்கும் இரவல் தருவதற்குமுன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.

கே: நாட்டுடைமையான (அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய) நூல்களைப் பதிப்பிக்க ஆசை. வேறொரு பதிப்பகத்தின் பிடிஎஃப் கையில் இருக்கிறது. (மேலமாசி வீதி வாசகர்)

ப: மூலத்தைத் தாராளமாகப் போடலாம். பாரதிதாசன் (மறைவு 1964) போன்றவருக்கு நாட்டுடைமையைக் காட்டவே தேவையில்லை, 2024-டன் காலமே முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் பிடிஎஃபை விட்டுவிடுங்கள். முன்னுரை, அடிக்குறிப்பு, ஓவியம், அட்டை எல்லாம் அந்தப் பதிப்பாளருடைய உழைப்பு. பழைய பதிப்பைத் தேடி எடுத்துப் புதிதாக அச்சுக் கோத்துக்கொள்ளுங்கள். சுருக்கினால் 'சுருக்கப்பதிப்பு' என்று அட்டையிலேயே போடுங்கள். ஆசிரியர் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைத்தால், பதிப்புரிமை தீர்ந்த பிறகும் வாரிசுகள் வழக்குப் போட முடியும்.

கே: காலண்டருக்குப் பழைய மதுரைப் படங்கள்? (சிம்மக்கல் அச்சகத்தார்)

ப: லின்னேயஸ் டிரைப் 1858-ல் இங்கே எடுத்த படங்களுக்கு உரிமைத் தடை இல்லை. ஸ்கேனை எந்தத் தளத்திலிருந்து இறக்கினீர்களோ, அதன் நிபந்தனையை மட்டும் பாருங்கள். போன சித்திரைத் திருவிழாவில் யாரோ எடுத்த அழகர் படம் பழுப்பு நிறம் பூசினாலும் பழையதாகாது.

கே: 1962-ல் வந்த படப்பாட்டை எங்கள் நகைக்கடை விளம்பரத்தில் போடலாமா? இசைத்தட்டுக்கு 60 ஆண்டு ஆகிவிட்டதே?

ப: ஆகியிருப்பது ஒலிப்பதிவுக்கு மட்டும். வரிக்கும் மெட்டுக்கும் தனிக்கணக்கு. எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டென்றால், அவர் 2015-ல் மறைந்தார். 2075 முடியும்வரை அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். அதே பாட்டைக் கல்யாண வீட்டில், மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாசித்தால் பிரச்சினையில்லை. சட்டமே அதற்கு விலக்குத் தந்திருக்கிறது. விளம்பரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.