அத்தை உங்களை நம்பித்தான் துப்பினார்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். வயது 50. மெல்பர்னில் படிக்கும் மகள் வாங்கித் தந்த மரபணுச் சோதனையில், இங்கிலாந்தில் வாழும் 55 வயதுப் பெண் ஒருவர் எனக்கு 860 சென்டிமார்கன் (இருவரும் பகிரும் மரபணுவின் அளவு) பொருத்தம் என்று வந்தது. யாரென்று புரியவில்லை. மணமாகாத என் அத்தையிடம் சர்க்கரை வியாதிக்கான இனிப்புநீர்ச் சோதனை என்று சொல்லி எச்சில் வாங்கி அனுப்பினேன். அவருக்கு வயது 74. அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் 3,460. குடும்பத்தில் யாரிடம் முதலில் சொல்வது? அந்தப் பெண்ணுக்கு எழுதலாமா?

பதில்: "இனிப்புநீர்ச் சோதனை என்று சொல்லி" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், தம்பி. என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. இனிப்புநீருக்கு விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள் என்பது 74 வயதில் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தும் எச்சில் எதற்கு என்று கேட்காமல், அரை மணி நேரம் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து, நீங்கள் நீட்டிய குழாயில் துப்பியிருக்கிறார். அண்ணன் மகன் கேட்டான், அது போதும் அவருக்கு. நீங்கள் செய்தது திருட்டு. இதைவிட மென்மையான சொல்லை நான் தேடப்போவதில்லை.

860 வெறும் கேள்விதான். பெரியப்பா மகளாகலாம், அத்தை மகளாகலாம், அம்மா வழியில் ஒருத்தியாகலாம். மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டிவந்த நம் குடும்பங்களில் அந்த எண் கூடுதலாகவும் காட்டும். அங்கேயே நிறுத்திவிட்டு அத்தையின் அருகில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். 3,460 அப்படியல்ல. பெற்றவரும் பிள்ளையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1970 வாக்கில் அத்தைக்கு 19 வயது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களிடம் வேலை பெர்மிட் கேட்டு, தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறிய நேரம். அந்தக் குழப்பத்தில், தோட்டத்து லய வீடுகளில் மணமாகாத பெண் பிள்ளை பெற்றால், அது யார் கைக்குப் போக வேண்டும் என்பதை அவளா முடிவு செய்திருப்பாள்? உங்கள் தாத்தா செய்திருப்பார். உங்கள் அப்பாவும் உடன் நின்றிருக்கலாம். அன்று அத்தையைக் கேட்காமல் பிள்ளையை எடுத்தார்கள். இன்று அவரைக் கேட்காமல் அந்த ரகசியத்தை எடுத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. அந்தப் பெண் உங்கள் திரையில் தெரிகிறார் என்றால், அத்தை அவர் திரையில் தெரிவார், "பெற்றோர் அல்லது பிள்ளை" என்ற குறிப்போடு. இன்றிரவே அத்தையின் கணக்கைப் பிறர் பார்வையிலிருந்து மறைத்துவிடுங்கள். நீங்களாக எழுத வேண்டாம். அந்தப் பெண் எழுதினால் சோதனையில் பிழை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 55 வருடம் காத்திருந்தவருக்கு அப்படி ஒரு பொய்யைக் கொடுப்பது பாவம். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

முதலில் சொல்ல வேண்டியது அத்தையிடம். மனைவிக்கும் மகளுக்கும் பிறகு. மகளுக்குத் தெரிந்துவிட்டதென்றால், வாய் திறக்கக் கூடாது என்று இன்றே சொல்லிவையுங்கள். உறவினர் யாரும் வராத ஒரு நாளில் தனியாகப் போங்கள். "அத்தை, இனிப்புநீர் என்று பொய் சொல்லி எச்சில் வாங்கினேன்" என்பதிலிருந்து தொடங்குங்கள். எண்ணையும் அந்தப் பெண்ணின் படத்தையும் அத்தை கேட்டால் காட்டுங்கள். அழித்துவிடு என்றால் அவர் கண் முன்னே அழியுங்கள். பார்க்க வேண்டும் என்றால், டிக்கெட் எடுத்து அந்தப் பெண்ணை வரவழைத்து, எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொந்தங்கள் முன் நிறுத்துங்கள். ஊர் பேசினால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். அண்ணன் மகனுக்கு அந்தக் கடமை இருக்கிறது.