ரேஸ் டீம் ஆசையா? முதலில் அடுத்தவர் காரைப் பாருங்கள்

கேள்வி: கார் சர்வீஸ் சென்டரில் எட்டு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டையும் தனியாளாகப் பிரித்துப் பூட்டுவேன். சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ் டீம் நடத்த வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சேமிப்போடு கொஞ்சம் கடனும் சேர்த்தால் பழைய ரேஸ் கார் ஒன்றை வாங்கிவிடலாம். வாங்கலாமா? இல்லை, முதலில் இன்ஜினியரிங் படித்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். பட்டம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். உங்கள் ஆசை நடக்கக்கூடியதுதான். ஆனால் அதற்கான வழி சொந்தக் காரில் தொடங்குவதில்லை.

ரேஸ் கார் வாங்குவது யானையை வாங்குவது போல. வாங்கிய விலையை விட அன்றாடத் தீனிதான் ஆளைச் சாய்க்கும். டயர், பிரேக் பேட், நுழைவுக் கட்டணம், காரை ஏற்றிச் செல்லும் லாரி, ஆட்களின் சம்பளம், தங்குமிடம், ஒருமுறை சுவரில் மோதினால் வரும் செலவு என்று எதுவும் நிற்காது. பரிசுப் பணத்தை நம்பி ஸ்போர்ட்ஸ் கார் ரேஸில் டீம் நடத்த முடியாது. பழைய கார் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அதன் இன்ஜினோ கியர்பாக்ஸோ ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். ஓட்டுநரின் பெல்ட்டுக்கும் பெட்ரோல் டேங்கின் உள்ளே இருக்கும் பைக்கும்கூடக் காலாவதித் தேதி உண்டு. கார் ஓடாமல் சும்மா நின்றிருந்தாலும், அந்தத் தேதி தாண்டிவிட்டால் ரேஸுக்கு முந்தைய பரிசோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

அப்படியானால் டீம்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் காரை ஓட்ட ஆசைப்படுபவரிடமிருந்துதான். உலக அளவில் கார் ரேஸ்களை நிர்வகிக்கும் எஃப்ஐஏ அமைப்பு ஓட்டுநர்களை பிளாட்டினம், கோல்டு, சில்வர், வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. வெண்கலப் பிரிவில் இருப்பவர்களில் பலர் வேறு தொழிலில் சம்பாதித்து, ஆர்வத்தால் ரேஸுக்கு வந்தவர்கள். நெடுநேர ரேஸ்களுக்கான உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் 2024-இல் வந்த எல்எம்ஜிடி3 என்ற பிரிவில், ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கல ஓட்டுநர் இருந்தே ஆக வேண்டும். அவரிடம் பணம் இருக்கிறது, கார் வாங்கவும் தயார். ஆனால் அந்தக் காரைத் தயார் செய்து, டிராக்குக்குக் கொண்டுபோய், மாலையில் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் ஆவதுதான் உங்கள் டீமின் தொடக்கம்.

ஜெர்மனியின் கொலோன் நகரில் க்ரெமர் சகோதரர்கள் அப்படி வளர்ந்தவர்கள். அண்ணன் எர்வின் கார் ஓட்டுவார், தம்பி மான்ஃப்ரெட் பட்டறைக்காரர். போர்ஷே கார்களைத் தயார் செய்தே பெயர் எடுத்தார்கள். 1979-இல் அவர்கள் உருவாக்கிய போர்ஷே 935 கே3 கார், பிரான்ஸ் நாட்டில் நடக்கும் லெ மான் 24 மணி நேர ரேஸில் ஒட்டுமொத்த வெற்றி பெற்றது. அதே வகைக் கார்களை மற்ற டீம்களுக்கும் விற்றார்கள்.

பின்னாளில் மெக்லாரன் ரேஸ் நிறுவனத்தை நடத்திய ரான் டென்னிஸின் கதை இன்னும் கரடுமுரடானது. 1966-இல் கூப்பர் என்ற ஃபார்முலா ஒன் அணியில் மெக்கானிக்காகச் சேர்ந்து, பிறகு பிரபாம் அணிக்குப் போனார். 1971-இல் நீல் ட்ரன்டில் என்ற இன்னொரு மெக்கானிக்கோடு சேர்ந்து ரோண்டெல் என்ற சொந்த அணியைத் தொடங்கினார். ஸ்பான்சர் விலகியதும் அது நிலைக்கவில்லை. ஆனால் தொழிலில் எடுத்த பெயர் அவரோடு இருந்தது. பிறகு அவர் நடத்திய ப்ராஜெக்ட் ஃபோர் அணியின் பிஎம்டபிள்யூ எம்1 காரில்தான் நிக்கி லாடா எம்1 கார்கள் மட்டுமே ஓடிய புரோகார் தொடரின் 1979 பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு அந்த அணி மெக்லாரனோடு இணைந்தது. மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர் 1995-இல் லெ மானை வென்றபோது நிறுவனத்தின் தலைமையில் இருந்தவர் அவர்தான்.

இனி உங்கள் விஷயம். முதல் வேலை, சர்வீஸ் சென்டரை விட்டு ஒரு ரேஸ் பட்டறைக்குள் நுழைவது. சம்பளம் குறைந்தாலும் போங்கள். உடனே வேலையை விட முடியாதென்றால் வார இறுதிகளில் டயர் உருட்டவாவது போங்கள். எட்டு வருட அனுபவம் வீணாகாது, ஆனால் பழக்கத்தை மாற்றியாக வேண்டும். சர்வீஸ் சென்டரில் கோளாறு வந்த பிறகு கார் நம்மிடம் வருகிறது. ரேஸிலோ கோளாறு வருவதற்கு முன்பே பாகத்தைக் கழற்றிவிட வேண்டும். இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச், வீல் பேரிங் என்று ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதற்குத் தனிக் கணக்கு இருக்கும். டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) முடுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து அது உட்காரும் உலோகம் வரை பெயின்ட் பேனாவால் ஒரே கோடாக இழுத்துவிடுவார்கள். கார் மறுபடி உள்ளே வரும்போது கோடு உடையாமல் இருந்தால் போல்ட்டு அசையவில்லை என்று அர்த்தம். கோடு இல்லாத போல்ட்டை முடுக்காத போல்ட்டாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் ஒரே காரில் கை வைக்கும் இடத்தில் ஞாபகத்தை நம்ப முடியாது.

அங்கே ஒரு காரின் முழுப் பொறுப்பும் உங்கள் கைக்கு வரும்வரை இருங்கள். கேம்பர், டோ (சக்கரங்களின் சாய்வும் திருப்பமும்), ரைடு ஹைட் (தரையிலிருந்து காரின் உயரம்), நான்கு சக்கரங்களின் எடைப் பங்கீடு, சூடான டயரின் காற்றழுத்தம் எல்லாம் கைக்குப் பழகட்டும். டேட்டா மென்பொருளில் பிரேக், ஆக்ஸிலரேட்டர் கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கணக்குப் போட ரேஸ் இன்ஜினியரை வார இறுதிக்கு மட்டும் அமர்த்திக்கொள்ளலாம். அப்படி வேலை செய்பவர்கள் நிறையப் பேர். இன்ஜினியரிங் பட்டத்துக்காக இப்போது வருடங்களைச் செலவிட வேண்டாம் என்பது அதனால்தான்.

சொந்தமாகத் தொடங்கும்போது ஒரே ஒரு வாடிக்கையாளரின் காரோடு தொடங்குங்கள். ஜிடி4 கார் (விற்பனைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் காரை ரேஸுக்கு ஏற்றபடி மாற்றியது), அல்லது எல்லோரும் ஒரே மாடலை ஓட்டும் கோப்பைப் போட்டி நல்லது. ஜிடி4 காரின் விலை, அதைவிட வேகமான ஜிடி3 காரின் விலையில் பாதிகூட ஆகாது. இந்தப் பிரிவுகளில் நினைத்தபடி காரை மாற்றியமைக்க அனுமதியில்லை. ஜிடி4-இல் எடை, இன்ஜின் சக்தி போன்றவற்றைப் போட்டி அமைப்பாளர்களே கூட்டிக் குறைத்து எல்லாக் கார்களையும் சமன்படுத்துகிறார்கள். உங்களைப் போன்றவருக்கு இது வரம். கோடி கொட்டிப் புதிய பாகம் கண்டுபிடிப்பவரோடு நீங்கள் மோத வேண்டியதில்லை. டயர் அழுத்தத்தைச் சரியாகப் பிடிப்பது, பிட்டில் (ரேஸின் நடுவே கார் வந்து நிற்கும் இடம்) தடுமாறாமல் இருப்பது, கார் நடுவழியில் நிற்காமல் பார்த்துக்கொள்வது ஆகியவைதான் அங்கே ஜெயிக்க வைக்கும்.

நல்ல மெக்கானிக்குகள் முதலாளியானதும் சறுக்குவது கணக்கில்தான். ஒரு இன்ஜினின் ஆயுள் 50 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் காரை ஒருவர் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டினால், அந்த இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவில் 50-இல் ஒரு பங்கு அன்றைக்கே தீர்ந்துவிட்டது. அதை வாடகையோடு சேர்த்து வாங்கித் தனியே எடுத்து வைக்காவிட்டால், லாபம் என்று நினைத்துச் செலவழித்தது இன்ஜினின் பணம்தான். மோதினால் செலவு யாருடையது என்பதையும் கார் டிராக்கில் இறங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சாதாரண வாகனக் காப்பீடு ரேஸுக்குச் செல்லாது. தனியாக எடுக்கும் டிராக் காப்பீட்டிலும் முதல் பெரும் பகுதியை நாம்தான் கட்ட வேண்டியிருக்கும். சீசன் தொகையைத் தவணையாக, ஒவ்வொரு ரேஸுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். நட்பு கெட்டுவிடுமோ என்று தயங்குவீர்கள். எழுதி வைக்காததால் கெட்ட நட்புகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. காரை ஓட்டத் தகுதியில்லாத நிலையில் பார்த்தால், பணம் கட்டியவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வெளியே விடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் துணிவுக்காகவே சில வாடிக்கையாளர்கள் வருடக்கணக்கில் உங்களோடு இருப்பார்கள்.

சொந்தக் கார் எப்போது வாங்கலாம்? அதன் இருக்கையை முழு சீசனுக்கு எடுத்துக்கொள்ள ஒருவர் கையெழுத்திட்டு, முன்பணமும் கட்டிய பிறகு. அதுவரை சேமிப்பை நல்ல டார்க் ரெஞ்சுகள், சக்கர எடை பார்க்கும் தராசு, இரண்டு ஆட்களுக்கு ஆறு மாதச் சம்பளம் என்று பிரித்து வையுங்கள். கடனை இப்போது தொட வேண்டாம்.